அந்திக் கோளில் ஓர் உயிரை வளர்ப்பது எப்படி

கற்பனைக் கோளுக்கு உயிரினம் உருவாக்க உட்காரும் எவரும் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த உயிரை வரைந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு கால், யானை உயரம், நாரைக்கு இருப்பதுபோல மெலிந்த கால்கள், முதுகில் செதில் வரிசை. இரண்டு வாரம் நிழல் தீட்டி முடித்துப் பள்ளியின் ஆசிரியர் அறையில் மேசைமேல் வைத்திருந்தேன். எங்கள் இயற்பியல் ஆசிரியர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்: "எடை?"

அந்தச் சொல்லுக்குப் பதில் தேடத் தொடங்கி பதினோரு வருடம் ஆகிறது. ஒன்பது நோட்டு நிரம்பியிருக்கிறது. நான் தூத்துக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். மாலையில் விடைத்தாள் திருத்தி முடித்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் இந்தக் கோளுக்குப் போகிறது. இங்கே எழுதுவது நான் வேலை செய்யும் வரிசை. உங்கள் கோள் வேறாக இருக்கும், உயிர்களும் வேறாக இருக்கும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் கோள், பிறகு வெளிச்சம், பிறகு செடி, பிறகு செடியைத் தின்பது, அதன் பிறகு தின்பதைத் தின்பது. உடம்பை வரைவது அந்தந்த இடம் வரும்போதுதான்.

நான்கு எண்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு எண்களை எழுதுங்கள். ஈர்ப்பு பூமியைப் போல எத்தனை மடங்கு. காற்றின் அடர்த்தி எத்தனை மடங்கு. சூரியன் வானத்தில் எவ்வளவு அகலம், என்ன நிறம். ஒரு பகலும் ஓர் ஆண்டும் எத்தனை மணி நேரம். இந்த நான்கும் இல்லாத நோட்டில் ஒரு கண்ணைக்கூட வரைய வேண்டாம்.

இவை உடம்பை எவ்வளவு தூரம் ஆளுகின்றன என்பதற்குச் சனியின் துணைக்கோள் டைட்டன் நல்ல பாடம். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அங்கே தரையிறங்கியது. ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 14 விழுக்காடுதான். காற்றோ நம் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி. மைனஸ் 179 டிகிரி குளிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் மனிதர் ஒருவர், கையில் சிறகு கட்டிக்கொண்டு அங்கே பறந்துவிடலாம் என்கிறது கணக்கு. உடம்பு அதே உடம்புதான். இரண்டு எண்கள் மாறியதும் நடக்கிற பிராணி பறக்கிற பிராணி ஆகிவிட்டது.

என் கோளுக்கு அந்தி என்று பெயர். அதன் எண்களை டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ள விண்மீனிடம் (நம் சூரியனைவிடச் சிறியது, குளிர்ந்தது) கடன் வாங்கினேன். அது சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. நான்காவது கோளுக்கு ஓராண்டு என்பது நம்முடைய ஆறு நாள், ஈர்ப்பு ஏறக்குறைய 0.8 மடங்கு. அங்கிருந்து பார்த்தால் சூரியன் நம் சூரியனைப் போல நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரு பாதியில் தீராத பகல், மறுபாதியில் தீராத இரவு, நடுவே வளையமாக ஓர் அந்தி. காற்று மட்டும் நான் போட்டது: 2.5 மடங்கு அடர்த்தி.

எண்களை எழுதியவுடன் இரண்டு கணக்குப் போடுங்கள். முதலாவது கால். கலிலேயோ 1638இலேயே இதை எழுதிவிட்டார்: பிராணி பெரிதாகப் பெரிதாக அதன் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், ஆனால் கால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். அதாவது எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரண்டு மடங்கு சுமக்கிறது. ஈர்ப்பு குறைந்த கோளில் மெலிந்த காலோடு ராட்சதர்கள் உலாவலாம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 0.8 ஈர்ப்பு தரும் சலுகை 1.25 மடங்கு உயரம், அவ்வளவே. 3 மீட்டர் யானை அங்கே 3.75 மீட்டர் ஆகலாம், அதே தூண் கால்களோடு. என் நாரைக்கால் யானை முதல் அடியிலேயே முறிந்து விழும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாவது சிறகு. ஈர்ப்பு 0.8ஐக் காற்றடர்த்தி 2.5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.57 வரும். மேலெழ வேண்டிய வேகம் பூமியில் வேண்டியதில் அவ்வளவு மடங்குதான். பூமியில் மணிக்கு 50 கி.மீ. வேகம் பிடித்தால்தான் மேலெழும் பறவை, அதே உடம்போடும் அதே சிறகோடும் அங்கே 28 கி.மீ. வேகத்தில் எழுந்துவிடும். அந்தி பெரிய பறவைகளுக்குத் தாராளமான இடம், பெரிய நடப்பிகளுக்கு அல்ல. இதை நான் தீர்மானிக்கவில்லை, எண்கள் தீர்மானித்தன. இந்த வேலையில் எனக்குத் தீராத சந்தோஷம் தருவது இதுதான்.

வெளிச்சம் எந்தப் பக்கம்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். அந்தி வளையத்தில் நின்றால் சூரியன் அடிவானத்திலேயே நிற்கும். உச்சிக்கு வராது, மறையவும் மறையாது. வெளிச்சம் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வருகிறது, அதுவும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரைச் சுற்றி உப்பளங்கள். மழைக்காலம் முடிந்து, பாத்திகளுக்கு இன்னும் தண்ணீர் பாய்ச்சாத ஒரு ஜனவரி விடியற்காலையில் ஓர் அடி மரஸ்கேலையும் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். பாத்தித் தரை மேசைபோலச் சமமாக இருக்கும். சூரியன் உதித்துப் பத்து நிமிடத்தில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் இரண்டு டிகிரியில் இருக்கும். ஸ்கேலை நட்டு அளந்தேன். நிழல் 26 அடி. வரப்பில் கிடந்த கைப்பிடி மண்ணாங்கட்டிக்கு ஒரு கட்டில் நீளத்துக்கு மேல் நிழல். நண்டு தோண்டிப் போட்ட மணல் உருண்டைகள் ஒவ்வொன்றுக்கும் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கோடு, எல்லாம் மேற்கு நோக்கி, வாரிய சீப்பின் பற்களைப் போல. ஐந்தாறு நிமிடத்தில் அது கலைந்துவிட்டது. அந்தியில் அது கலையவே கலையாது. உங்கள் ஊரில் மொட்டைமாடியோ விளையாட்டுத் திடலோ போதும். ஒரு விடியலை இதற்காக ஒதுக்குங்கள்.

இப்போது செடி. மேலே போட்டி போட்டு என்ன பயன்? உச்சியில் வெளிச்சம் இல்லை. முன்னால் நிற்பதுதான் வெற்றி. ஆகவே என் செடிகள் கிளை விரிப்பதில்லை, சூரியனைப் பார்த்து நிமிர்ந்த சுவராக நிற்கின்றன. அவற்றுக்குத் திரைமரம் என்று பெயர் வைத்தேன். குன்றுகளின் பகல் சரிவில் நெருக்கியடித்து நிற்கும். இரவுச் சரிவில் ஒன்றுகூட இருக்காது. சிவப்புக் குள்ளனின் வெளிச்சத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கிடைக்கும் கொஞ்ச ஒளியை வீணாக்காமல் உறிஞ்ச அங்கே இலைகள் கறுப்பாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். என் திரைமரமும் கறுப்புதான்.

அதில் ஒரு தவறு இருந்தது, நான்கு மாதம் கழித்தே கண்டுபிடித்தேன். பகல் பக்கம் சூடான காற்று மேலெழுந்து இரவுப் பக்கம் போகும். குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இரவிலிருந்து பகலுக்கு வீசும். அதாவது அந்தி வளையத்தில் சூரியனைப் பார்த்து நிற்கும் எதற்கும் முதுகில் ஓயாத காற்று. நான் வரைந்த சுவர்ச்செடி ஒரு பாய்மரம். வேரோடு பெயர்ந்துவிடும். விடை எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தது. வாழை இலை காற்றில் நரம்போடு நரம்பாகக் கிழிகிறது, கிழிந்த இலை காற்றை வழிய விட்டுவிட்டு வெயிலையும் வாங்கிக்கொள்கிறது. திரைமரம் இப்போது ஏணிபோல, படிக்குப் படி தொங்கும் கீற்றுகளால் ஆனது. உதிர்ந்த கீற்றுகள் காற்றில் பகல் பக்கமாகவே போய்க் குவியும். மேய்கிற பிராணிக்கு மேய்ச்சல் நிலம் அங்கே அமைந்துவிட்டது.

ஒளியோதம்

கோளின் பாதை சரியான வட்டமாக இல்லாவிட்டால், ஒரே முகம் காட்டும் கோளும் லேசாகத் தலையாட்டும். நம் நிலாவும் ஆட்டுகிறது. அதனால்தான் பூமியிலிருந்து அதன் பரப்பில் பாதியை அல்ல, 59 விழுக்காட்டைப் பார்க்க முடிகிறது. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண் மையப்பிறழ்வு. அந்திக்கு நான் எடுத்துக்கொண்டது 0.02. உண்மையான கோளின் பாதை இதைவிட வட்டமானது, இந்த எண்ணை வேண்டுமென்றே கூட்டினேன். அந்த ஆட்டத்தில் சூரியன் அடிவானத்தில் 2.3 டிகிரி ஏறி 2.3 டிகிரி இறங்கும். கோளின் நடுக்கோட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 470 கி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கிறது. அங்கே மட்டும் சூரியன் ஆறு நாளைக்கு ஒருமுறை உதித்து மறையும். கடலோரத்தில் வளர்ந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. தண்ணீருக்குப் பதில் வெளிச்சம் ஏறி வற்றுகிற கரை. ஒளியோதம் என்று பெயரிட்டேன்.

வெளிச்சத்தின் விளிம்போடு கூடவே ஓடும் மந்தை ஒன்றை அங்கே விடத்தான் ஆசைப்பட்டேன். மனதுக்குள் படம்கூட வந்துவிட்டது. 470 கி.மீ. போய் அதே வழியில் திரும்ப ஆறு நாள். நடுப்பட்டையில் விளிம்பின் வேகம் மணிக்கு 10 கி.மீ. போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். நிற்காமல், தூங்காமல், வாழ்நாள் முழுக்க. மேய்ந்து கிடைக்கும் தீனி ஓடுவதற்கே போதாது. அந்த மந்தையை விட்டுவிட்டேன். துறைமுகப் பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு எங்கே ஓடுகிறது? தண்ணீர் வற்றினால் மூடிக்கொள்கிறது, ஏறினால் திறக்கிறது. ஒளியோதக் கரையில் இப்போது இருப்பவை மூடிகள்: கையளவு ஓட்டுக்குள் மூன்று நாள் இருட்டைப் பொறுத்து, வெளிச்சம் வந்ததும் கறுப்பு விசிறியை நீட்டும் செடிவகை உயிர்கள். மனதுக்குப் பிடித்த பிராணியைக் கணக்கு கொல்லும்போது அதைக் கொல்ல விடுங்கள். அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் முந்தையதைவிட நல்ல பிராணி.

சிவப்புக் குள்ளன்கள் திடீரென்று சுடர் வெடிப்பவை. உங்கள் கோளும் அப்படிப்பட்ட விண்மீனைச் சுற்றினால், ஒவ்வோர் உயிருக்கும் ஒளிய ஓர் ஓடோ மடிப்போ வளையோ வைத்துவிடுங்கள்.

நிழலை வைத்து வேட்டை

காற்று இரவிலிருந்து பகலுக்கு. ஆகவே மேய்கிற பிராணியின் வாசனை எப்போதும் சூரியன் பக்கமாகப் போகிறது. வேட்டையாடி அங்கேதான் காத்திருக்கும், அங்கிருந்துதான் வரும். அதன் வாசனை இரைக்கு எட்டாது, கண்ணைக் கூச வைக்கும் சூரியனும் அதன் முதுகுக்குப் பின்னால். இரைக்குத் தப்ப வழியே இல்லை என்று தோன்றியது, மூன்று நாள் அதே பக்கத்தில் நின்றேன்.

பிறகு உப்பளத்து ஸ்கேல் நினைவுக்கு வந்தது. சூரியன் பக்கமிருந்து வருகிற எதற்கும் முன்னால் அதன் நிழல் வந்து சேரும். 1 மீட்டர் உயர வேட்டையாடிக்கு, சூரியன் இரண்டு டிகிரியில் இருக்கும்போது, கிட்டத்தட்ட 29 மீட்டர் நிழல். சூரியன் அகலமானது என்பதால் நிழலின் நுனி மங்கிப்போகும், ஆனால் மங்கல் அசைவதும் எச்சரிக்கைதான். அன்றிரவே இரண்டு உடம்புகளும் தாமாக மாறின. இரைக்குக் கண்ணைவிட முக்கியமாக, விலாவெங்கும் வெளிச்சம் உணரும் புள்ளிகள் வந்தன. நிழல் தொட்டதும் துள்ளும். அதற்கு நிழலறி என்று பெயர், 20 கிலோ எடை. அதன் கண்ணுக்கு மேலே, நாம் வெயிலில் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுபோல, எலும்புக் கூரை ஒன்று நீண்டது. வேட்டையாடி தட்டையானது. 15 சென்டிமீட்டர் உயரம்தான், நிழல் நாலேகால் மீட்டர். திருக்கை மீன் தரையில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் பெயர் தரைப்பாய்.

அங்கேயும் நிற்கவில்லை. ஒவ்வொரு திரைமரத்துக்கும் பின்னால் ஆண்டாண்டுக்கும் நகராத ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. நிழலுக்குள் போகிறவனுக்கு நிழல் இல்லை. தரைப்பாய் அந்த இருட்டுப் பாதைகளில் ஊர்ந்து வரும். தலைமுறை தலைமுறையாக ஒரே பாதை, தரை வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். நிழலறிகள் நிழலோரத்தில் முளைத்திருப்பதை எவ்வளவு பசித்தாலும் தொடாது. எனவே நிழலோரங்களில் மேயப்படாத புதர் ஒரு வேலிபோல வளர்ந்து நிற்கும். இவ்வளவும் காற்றின் திசை, சூரியனின் உயரம் என்ற இரண்டு தகவலிலிருந்து வந்தவை. உங்கள் கோளிலும் இப்படி இரண்டு தகவலை எதிரெதிரே நிறுத்தி, "இதனால் யாருக்கு லாபம், அடுத்தவன் என்ன செய்வான்?" என்று மாறி மாறிக் கேளுங்கள். ஐந்தாறு சுற்று வரை பொறுமையாகப் போங்கள்.

மூதாதை

வசதிக்கு ஏற்ப ஒவ்வொரு பிராணிக்கும் ஒவ்வோர் எண்ணிக்கையில் கால் வைப்பதுதான் நான் பார்க்கும் கற்பனைக் கோள்களில் மிகப் பெரிய குறை. உயிர்கள் உறவினர்கள். தவளைக்கும் வௌவாலுக்கும் நமக்கும் நான்கு கைகால் இருப்பது, கரையேறிய மீன் வம்சத்துக்கு நான்கு சதைத் துடுப்பு இருந்ததால். விரல் எண்ணிக்கைகூடத் தொடக்கத்தில் ஐந்து என்று நிலைத்திருக்கவில்லை. அகாந்தோஸ்டெகா என்ற பழங்கால நான்குகால் பிராணிக்கு முன்காலில் எட்டு விரல்.

நான் பாடம் கற்றது கடல் அட்டையிடம். மன்னார் வளைகுடாவில் கடல் வற்றும்போது முட்டளவுத் தண்ணீரில் பார்த்திருக்கிறேன். 2001 முதல் இந்தியாவில் பாதுகாக்கப்படும் உயிர், பார்க்கலாம், எடுக்கக் கூடாது. பார்வைக்குத் தடித்த புழு. ஆனால் நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு, அவற்றைப் போலவே ஐந்து வரிசை உடம்பு. அது எப்போதோ பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. பல இனங்களில் மூன்று வரிசை அடியில் வந்து நடக்கிற பாதமானது, இரண்டு வரிசை முதுகில் மாட்டிக்கொண்டு வெறும் முடிச்சுகளானது. ஒரு பிராணியின் முழுச் சரித்திரமும் அதன் தோல்மேல் எழுதியிருக்கிறது.

என் கோளில் கடலில் நீந்திய மூதாதைக்கு மூன்று வரிசைத் துடுப்பு. கரையேறியபோது அது சாய்ந்து படுத்தது. இரண்டு வரிசை கால்களாயின, ஒன்று முதுகில் தங்கியது. நிழலறியின் முதுகு வரிசை சிறு சிறு மடல்களாகி, நிழல் உணரும் புள்ளிகளில் கூர்மையானவற்றைத் தாங்குகிறது. அந்த மடல்களிலும் காலில் இருக்கும் அதே மூன்று மூட்டு. தரைப்பாயின் இரு கால் வரிசையும் பக்கவாட்டில் விரிந்து விளிம்பாகிவிட்டன, முதுகு வரிசை ஏழு கட்டிகளாகக் குறுகிக் கிடக்கிறது. அந்தக் கட்டிகளால் இன்றைக்கு ஒரு பயனும் இல்லை. அவற்றை நான் அழிக்கவில்லை, நீங்களும் அழிக்காதீர்கள். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று, கழுத்து முழுக்க இறங்கி இதயத்தருகே வளைந்து மறுபடி மேலேறுகிறது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தால் இப்படி இழுத்திருக்க மாட்டார்கள். உங்கள் பிராணியில் இப்படி ஒரு சுற்றுவழி இல்லையென்றால் அதற்கு இன்னும் பாட்டன் பாட்டி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

தலைக்கணக்கு

என் மூன்றாவது நோட்டில் வேட்டையாடிகள் ஐந்து வகை, மேய்கிறது ஒரே வகை. பல்லும் நகமும் வரைய ஆசையாக இருந்ததன் விளைவு. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் ஆற்றல் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான். பூமியின் ஊனுண்ணிகளை ஒப்பிட்ட 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, ஏறக்குறைய 10,000 கிலோ இரை இருந்தால்தான் ஓர் இனத்தைச் சேர்ந்த வேட்டையாடிகள் மொத்தம் 90 கிலோ எடைக்குப் பிழைக்கும். என் கோளுக்கு அதையே வைத்தேன்: 500 நிழலறிகளுக்கு, 30 கிலோ எடையுள்ள மூன்று தரைப்பாய்கள். இந்தக் கணக்குக்குப் பிறகு நிலக்காட்சி வரையும்போது கை தானாகவே மேய்கிற கூட்டத்தை நிறைய வரைகிறது, வேட்டையாடியை எங்கோ ஓர் ஓரத்தில்.

பெயர்கள் குறித்து ஒரு வார்த்தை. வாயில் நுழையாத எழுத்துகளைக் கோத்து வைத்தால் அயல்கோள் வாடை வரும் என்று நினைக்காதீர்கள். மீனவர்கள் பெயர் வைக்கும் அழகைப் பாருங்கள்: வாள்போல மின்னினால் வாளை, தலை கொம்புபோல விரிந்தால் கொம்பன் சுறா, கிளி மூக்கு இருந்தால் கிளி மீன். அந்த உயிரோடு தினமும் புழங்குகிறவர் என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று யோசித்தால் பெயர் கிடைத்துவிடும்.

வாரம் ஒருநாள் மீன் சந்தைக்குப் போங்கள். ஒரு கணவாயை வாங்கி வீட்டில் மெதுவாக அறுத்துப் பாருங்கள். இரண்டு செவுள்களின் அடியிலும் ஒவ்வோர் இதயம், நடுவில் மூன்றாவது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அந்த வெள்ளை ஓடு உள்ளே இருக்கும். மிதக்கவும் ஆழவும் அது உதவுகிறது. அதன் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. கண் நம் கண்ணைப் போலவே இருக்கும், ஆனால் விழித்திரை நம்முடையதுபோல உட்புறம் திரும்பியில்லை, அதனால் குருட்டுப்புள்ளி கிடையாது. இவ்வளவு விநோதம் கிலோ கணக்கில் விற்பனைக்கு இருக்கிறது. வெட்டி, பார்த்து, வரைந்து, பிறகு சமைத்துவிடலாம்.

இப்போது பத்தாவது நோட்டில் இருக்கிறேன், தூக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இருளாத இடத்தில் நிழலறி எப்போது தூங்கும்? மந்தையில் ஒன்று விட்டு ஒன்றாகவா, அல்லது சில கடற்பாலூட்டிகளைப் போல மூளையின் ஒரு பாதி மட்டுமா? சூரியன் பக்கத்து விலா எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பது வரை வந்திருக்கிறேன். அப்படியானால் இரவுப் பக்கத்து விலா தூங்கட்டும், பிறகு பிராணி திரும்பி நிற்கட்டும். மந்தையில் எத்தனை எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று கட்டமிட்ட தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன்.